குந்தா மலை அணைகளுக்கு முதன்முதலாகப் போகிறவர்களுக்கு

ஊட்டி ஏரியில் படகு விட்டுத் திரும்பும் பயணம் அலுத்துப்போய், அவலாஞ்சிக்கும் எமரால்டுக்கும் அப்பர் பவானிக்கும் வழி கேட்கிற இளையவர்கள் இப்போது அதிகம். கேட்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். நீலகிரியின் மேற்கு ஓரத்தில், குந்தா மலைத்தொடரின் மடிப்புகளில் கிடக்கிற இந்த நீர்த்தேக்கங்களைச் சுற்றி இன்னும் அமைதி மிச்சமிருக்கிறது. மின்வாரியமும் வனத்துறையும் கதவு போட்டு வைத்திருப்பதாலும், அங்கே குடியிருப்பவர்களின் பொறுமையாலும் மிஞ்சிய அமைதி அது. அதைக் குறைக்காமல் போய்வருவது எப்படி என்று, இந்த மலைப்பாதைகளில் நெடுங்காலம் நடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

1. முதலில் மாதத்தைப் பாருங்கள்.

ஏப்ரல், மே வேண்டாம். ஊட்டியே திணறும் மாதங்கள் அவை. மின்சாரத் தேவைக்காக நீரைத் திறந்து திறந்து, அணைகளும் அப்போது அடிமட்டத்துக்குப் போயிருக்கும். பசுமை தேடிப் போனவர்கள் காய்ந்த சேற்றுக்கரையைப் பார்த்துவிட்டு முகம் சுளிப்பார்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கேரளப் பக்கமிருந்து ஏறிவரும் மேகம் முதலில் மோதுவது இந்த மேற்கு விளிம்பில்தான். 2019 ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது. கோவை நகரம் ஒரு வருடம் முழுக்கப் பெறும் சராசரி மழையைவிட அது அதிகம். சாலைகள் அறுந்தன, மலைச்சரிவுகள் இறங்கின, மக்களை மீட்க வேண்டியிருந்தது. மழை ரசிகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மாவட்ட நிர்வாகம் எச்சரிக்கை விட்டால், விடுதிக்குக் கட்டிய முன்பணம் போனாலும் போகட்டும் என்று பயணத்தை நிறுத்துங்கள்.

என் கணக்கில் நல்ல காலம் இரண்டு. ஒன்று, தென்மேற்கு மழை விட்டு வடகிழக்கு மழை பிடிப்பதற்கு முந்திய இடைவெளி, அதாவது செப்டம்பர் கடைசியும் அக்டோபர் முதல் பாதியும். அணை நிறைந்திருக்கும், புல் பச்சையாக இருக்கும். மற்றொன்று டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை. அது உறைபனிக் காலம். விடியலில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். பகலில் வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்திருக்கும். சோலை ஓரங்களில் காட்டுப்பூவரசு சிவப்பாகப் பூத்திருக்கும். எந்தக் காலமானாலும் சனி, ஞாயிறு வேண்டாம். செவ்வாய், புதனில் போங்கள்.

2. அனுமதி இல்லாத வழியைத் தேடாதீர்கள்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். புறப்படும் முன் அப்போதைய விதி என்னவென்று பார்த்துக்கொள்ளுங்கள். அவலாஞ்சியில் சோதனைச்சாவடி வரைதான் உங்கள் வண்டி. அதற்கு அப்பால் வனத்துறை வண்டியில் அழைத்துப் போவார்கள். எங்கே நிறுத்துகிறார்களோ அங்கே இறங்கிப் பார்க்கலாம். அப்பர் பவானி பக்கம் கட்டுப்பாடு இன்னும் கடுமை. முக்குர்த்தி தேசியப் பூங்காவை ஒட்டிய காடு அது.

“எனக்கு ஒருத்தரைத் தெரியும், உள்ளே விடுவார்” என்று சொல்லும் ஓட்டுநரோடு போகாதீர்கள். மாட்டிக்கொண்டால் அபராதம் உங்களுக்கு, வேலை போவது அந்தச் சாவடிக் காவலருக்கு.

3. எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

இந்த அறிவுரைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்முன் கிடப்பது இயற்கை ஏரி அன்று. குந்தா நீர்மின் திட்டத்துக்காக மனிதர் தேக்கிய நீர். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாட்டின் உதவியோடு 1950-களில் தொடங்கிய வேலை. 1960-களின் தொடக்கத்தில் முதல் மின்நிலையங்கள் ஓடத் தொடங்கின. சரியான சாலைகூட இல்லாத குளிர்மலையில் பாறையைக் குடைந்து சுரங்கம் போட்டவர்கள் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள். அவர்கள் பெயர் தாங்கிய பலகை எதையும் நான் அங்கே பார்த்ததில்லை. அணையின் மதிலைப் பார்க்கும்போது அவர்களை ஒரு நிமிடம் நினையுங்கள்.

நீர் போகும் வழியைக் கேளுங்கள். அப்பர் பவானி அணை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மலைக்குள் புகுந்து இறங்கும் நீர் அவலாஞ்சி மின்நிலையத்தை ஓட்டிவிட்டு, அவலாஞ்சி, எமரால்டு என்னும் இரட்டை நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அங்கிருந்து குந்தாபாலம், பிறகு கெத்தை, பிறகு பரளி, கடைசியில் பில்லூர். ஒரே தண்ணீர் ஐந்து இடங்களில் சுழலியைச் சுழற்றிவிட்டுத்தான் மலையை விட்டு இறங்குகிறது.

இறங்கிய பிறகும் அதற்கு வேலை ஓயவில்லை. பில்லூரிலிருந்து கோவைக்குக் குடிநீர் போகிறது. மிச்சம் பவானி ஆறாக ஓடி, 1955-இல் கட்டிமுடித்த பவானிசாகரில் நிற்கிறது. அங்கிருந்து கீழ்பவானி வாய்க்கால் வழியாக ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2 லட்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் நெல் வயலைப் பார்த்து வியந்திருப்பீர்கள்; அந்த வயல் குடிக்கும் நீரில் ஒரு பங்கு, நீங்கள் நிற்கும் இந்த மலைமடிப்பிலிருந்து போனது. கோவையிலிருந்து வந்திருந்தால், உங்கள் வீட்டுக் குழாய்க்கு வரவேண்டிய தண்ணீரின் தலைமாட்டில் நிற்கிறீர்கள். கரையில் உடைத்த ஒரு பாட்டில், கழுவிய ஒரு சோப்புத் துணி எங்கே போய்ச் சேரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

4. நீரில் இறங்கவே இறங்காதீர்கள்.

நீந்தத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். ஊர்க் குளத்துக்குப் படித்துறை உண்டு, ஆழம் படிப்படியாகக் கூடும். இங்கே மலைச்சரிவே நீருக்குள் இறங்குகிறது. இரண்டடி எடுத்துவைத்தால் முழங்கால், மூன்றாவது அடியில் ஆளே மூழ்கலாம். நீர் வடிந்த கரை மேலே காய்ந்து வெடித்திருக்கும், அடியில் களிச்சேறு. கால் புதைந்தால் இழுக்க இழுக்க உள்ளே போகும். முன்பு நீரில் முழுகிய மரக்கட்டைகள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். குளிரோ சொல்லவே வேண்டாம். சில நிமிடங்களில் கைகால் மரத்து, நல்ல நீச்சல்காரனுக்கும் மூச்சு திணறும்.

அணைக்குக் கீழே ஆற்றுப் பாறைகளில் உட்கார்ந்து சாப்பிடுவதும் ஆபத்து. மேலே மழையே பெய்யாத நாளிலும், மின்நிலையத்தை ஓட்டினாலோ மதகைத் திறந்தாலோ வறண்ட பாறைகளுக்கிடையே வெள்ளம் வந்துவிடும். குந்தாபாலத்துக்குக் கீழும் கெத்தைப் பக்கமும் எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருப்பது அதற்காகத்தான். குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

5. வண்டி ஓட்டுகிறவருக்கு.

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பி மலை இறங்கினால், அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள். காரமடையிலிருந்து முள்ளி, கெத்தை வழியாக மஞ்சூர் ஏறும் பாதையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். அழகான பாதை, யானைகள் நடமாடும் பாதையும் அதுதான். முதல்முறை போகிறவர்கள் அதைப் பகலில், அனுபவமுள்ள ஓட்டுநரோடு மட்டும் போங்கள். யானை நின்றால் எஞ்சினை உறுமவிடாமல், ஒலியெழுப்பாமல் பின்னால் ஒதுங்கிக் காத்திருங்கள். அரை மணி நேரமானாலும் காத்திருங்கள்.

பெட்ரோலை ஊட்டியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அவலாஞ்சி தாண்டினால் செல்பேசி சமிக்ஞையை எதிர்பார்க்க முடியாது. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை விடுதியில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஊட்டியிலிருந்து முத்தோரை பாலாடா வழியாக எமரால்டுக்கு அரசுப் பேருந்து உண்டு. இரண்டு பேராகப் போனால் அதிலேயே போங்கள் என்பேன். உருளை, கேரட், பூண்டு விளையும் படுகைகளைப் பேருந்து சன்னலிலிருந்து பார்ப்பது போல் காரிலிருந்து பார்க்க முடியாது.

6. உடுப்பு.

ஒரே கனத்த கோட்டைவிட, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு நல்லது. மதியம் வெயில் சுள்ளென்று அடிக்கும், நான்கு மணிக்கு மேகம் இறங்கிவிடும். காதை மூடும் குல்லா, வழுக்காத காலணி, மாற்றுக் காலுறை. மழை மாதங்களில் சோலை ஓரம் நடந்தால் அட்டை கடிக்கும். பிய்த்து இழுக்காதீர்கள், கொஞ்சம் உப்பு தொட்டு வைத்தால் தானே விழும். ஆரஞ்சு, மஞ்சள் என்று பளிச்சிடும் நிறங்களும் வாசனைத் தைலங்களும் வேண்டாம்.

7. புல்வெளியைக் காலி நிலம் என்று எண்ணாதீர்கள்.

மலை முழுக்க மரமாக இருந்தால்தான் காடு என்று பழகிவிட்டோம். இங்கே அப்படியில்லை. மேடுகளில் புல்வெளி, மடிப்புகளில் கட்டையான மரங்கள் நெருங்கிய சோலை. இதுதான் இந்த உயரத்தின் இயல்பான காடு. திறந்த மேட்டில் உறைபனி மரக்கன்றுகளைக் கருக்கிவிடும், புல் பிழைத்துக்கொள்ளும். காற்றும் பனியும் படாத ஈரமான மடிப்பில் சோலை நிற்கும். அவலாஞ்சியில் வனத்துறை வண்டியிலிருந்து பார்க்கும்போது ‘காலிஃபிளவர் சோலை’ என்று காட்டுவார்கள். தலை உருண்ட மரங்கள் ஒட்டி நிற்பதைப் பார்த்தால் பெயரின் காரணம் புரியும்.

மழைக்காலத்தில் பெய்ததைப் புல்லும் சோலையின் மக்கிய மண்ணும் பஞ்சு போல் உறிஞ்சிவைத்துக்கொண்டு, மழையில்லாத மாதங்களில் ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. அணைக்கு நீர் தருவது இந்த ஏற்பாடு. இதை அறியாத ஆங்கிலேயர் காலத்து அதிகாரிகள் புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைத்தார்கள். தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரம், விறகுக்கும் தைலத்துக்கும் கற்பூர மரம் என்று வெளிநாட்டு மரங்களை நட்டார்கள். விடுதலைக்குப் பிறகு நாமும் அதை விடாமல் செய்தோம். சாலையோரம் வரிசையாக நிற்கும் சீகைக் காட்டைப் பார்த்து “எவ்வளவு பசுமை!” என்று வியக்கிறவர்கள், அதன் அடியில் ஒரு காலத்தில் இருந்த புல்லும் குறிஞ்சியும் வரையாடும் எங்கே என்று கேட்கப் பழக வேண்டும். வனத்துறை இப்போது பல இடங்களில் அந்த மரங்களை அகற்றிப் புல்லை மீட்கிறது. தமிழ்நாடு அரசு 2022-இல் நீலகிரி வரையாடு திட்டத்தை அறிவித்ததும் இந்தப் புல்வெளிகளை நம்பித்தான். வெட்டிய மரங்களைப் பார்த்துவிட்டுக் காட்டை அழிக்கிறார்கள் என்று படம் பிடித்துப் பரப்பிவிடாதீர்கள், முதலில் விசாரியுங்கள்.

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. அடுத்தது 2030. அதுவரை அந்தச் செடி புதராகத்தான் நிற்கும். பூவில்லாத குறிஞ்சியையும் மிதிக்காதீர்கள்.

8. ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் உட்காருங்கள்.

அமைதியைத் தேடி வந்தேன் என்பவர்கள்கூட பத்து நிமிடத்துக்கு மேல் ஓரிடத்தில் இருப்பதில்லை. படம் எடுக்கிறார்கள், அடுத்த இடம் எது என்று கேட்கிறார்கள். எமரால்டு கரையில், அனுமதியுள்ள மேட்டில், காலை ஆறரை மணிக்குப் போய் உட்காருங்கள். முதல் கால் மணி நேரம் உங்கள் மூச்சும் உங்கள் கவலையும்தான் கேட்கும். உங்கள் வருகையால் அடங்கிய பறவைகள் அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். ஓடைப் பக்கம் யாரோ சீழ்க்கை அடிப்பது போல் கேட்டால் அது சீகாரப்பூங்குயில். புதருக்குள் கூட்டமாகச் சிரிப்பது போல் கேட்டால் நீலகிரிச் சிரிப்பான். இந்த மலையை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. புல்லில் ஓடி ஓடி நிற்பது நீலகிரி நெட்டைக்காலி. சோலை ஓரக் கிளையில் நீலமாக அசைந்தால் நீலகிரி ஈப்பிடிப்பான்.

பெயர் எல்லாம் முதல் நாளே தெரிய வேண்டும் என்பதில்லை. கேட்ட ஒலியை ஒரு குறிப்பேட்டில் உங்கள் வார்த்தையில் எழுதி வையுங்கள், பிறகு தெரிந்தவர்களிடம் கேளுங்கள். செல்பேசியில் பறவைக் குரலைப் போட்டு அவற்றை வரவழைக்கும் வழக்கம் பரவுகிறது. அதைச் செய்யாதீர்கள். தன் எல்லைக்குள் வேறொரு பறவை வந்துவிட்டது என்று பதறி, குஞ்சை விட்டுவிட்டு அது பறந்துவரும்.

ஒலிபெருக்கி கொண்டுவருகிறவர்களுக்கு நான் சொல்ல ஏதுமில்லை. அவர்கள் வேறு ஊருக்குப் போகலாம்.

9. காட்டெருது சாதுவாகத் தெரியும்.

தேயிலைத் தோட்டத்தில் மாடு மேய்வது போல் மேயும். ஆனால் ஆயிரம் கிலோவை நெருங்கும் உடம்பு அது. ஐம்பது அடிக்குள் போகாதீர்கள், கன்று இருந்தால் நூறடிக்குள்ளும் வேண்டாம். புலியும் சிறுத்தையும் செந்நாயும் இருக்கும் காடு இது. நீங்கள் அவற்றைப் பார்க்காவிட்டாலும் அவை உங்களைப் பார்த்திருக்கும். விடியுமுன்னும் இருட்டிய பிறகும் நடக்கக் கூடாது. குரங்குக்கு ஒரு பிஸ்கட்கூட போடக் கூடாது. பிப்ரவரி, மார்ச்சில் புல் காய்ந்திருக்கும். தீக்குச்சியைப் பையில்கூட எடுத்துவராதீர்கள்.

10. குப்பை.

நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, தண்ணீர் பாட்டிலும் சேர்த்து. எஃகுக் குடுவை கொண்டுபோங்கள். நிரப்பிக்கொள்ள வழியில் தண்ணீர் இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள். ஆரஞ்சுத் தோலையும் வாழைப்பழத் தோலையும் “மக்கிவிடும்” என்று எறியாதீர்கள். இந்தக் குளிரில் அது மக்க மாதக்கணக்காகும், அதற்குள் குரங்கும் காட்டுப்பன்றியும் சாலைக்கு வரப் பழகிவிடும்.

11. அங்கே வாழ்கிறவர்கள் காட்சிப்பொருள் அல்லர்.

வழியில் படகர் ஊர்கள் வரும், தோடர் குடியிருப்புகளான மந்துகள் வரும். மந்தைச் சுற்றியுள்ள எருமைத் தொழுவமும் கோயிலும் அவர்களுக்குப் புனிதமானவை. கோயிலைக் கண்டதும் ஓடிப்போய் அதன் முன் நின்று படம் எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுப் பெரியவர் வெளியே வந்து ஒன்றும் சொல்லாமல் நிற்பார். அவர் சொல்லாவிட்டாலும் நமக்குத் தெரிய வேண்டும். கேட்டுவிட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும் எடுங்கள். தோடர்களின் சிவப்பு, கறுப்புப் பூத்தையல் போர்வைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வாங்க விருப்பமிருந்தால் தைத்தவரிடமே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். ஒரு போர்வைக்கு வாரக்கணக்கில் கண்ணைக் கொடுத்து உட்கார்ந்திருப்பார்கள்.

மஞ்சூரிலும் எமரால்டிலும் சின்ன டீக்கடைகள் உண்டு. அங்கேயே சாப்பிடுங்கள். மலைக்குப் போகிறவர்களின் பணத்தில் பாதியாவது மலையில் இருக்கட்டும்.

12. அணைக்கட்டையும் மின்நிலையத்தையும் படம் எடுக்காதீர்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அணையும் மின்நிலையமும் பாதுகாக்கப்பட்ட இடங்கள். இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கிறேன். நீங்கள் எடுத்த நல்ல படங்களைப் பகிருங்கள், ஆனால் அந்த மேடு எங்கே இருக்கிறது, எந்த வளைவில் திரும்ப வேண்டும் என்கிற வரைபடப் புள்ளியைப் போடாதீர்கள். ஒரு காணொளி பரவிய அடுத்த மாதமே நூறு வண்டிகள் வந்து நின்று, புல்வெளி சேறாகி, கடைசியில் வனத்துறை கம்பி வேலி போட்டு அடைத்த மேடுகளை இந்த மலையில் எனக்குத் தெரியும். உண்மையாகக் கேட்கிற ஒருவருக்கு, அவரை உட்காரவைத்து, இந்தப் பன்னிரண்டையும் சொல்லிவிட்டு வழி சொல்லுங்கள்.